ஒன்பதரை மணியின் நாயகி: ராதிகாவும் தமிழ் நெடுந்தொடரும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாகீர்தார்களின் ஆட்சி, 1751இல் கிளைவ் பொருத போர், 1782இல் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் நிகழ்ந்த போர் ஆகியவற்றைச் சொல்லிப் பட்டு நெசவின் பெருமையோடு முடிப்பது வழக்கம். அந்தப் பட்டை நெய்த வீடுகளில் மாலைப் பொழுதுகள் எவ்வாறு கழிந்தன, தறிக்குழியிலிருந்து எழுந்த கைகள் ஓய்ந்த வேளையில் அவ்வீட்டார் எந்தக் கதையைக் கேட்டனர், எந்தக் கதைமாந்தருக்காகக் கண்ணீர் விட்டனர் என்பது எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை.

இலக்கிய வரலாறும் அவ்வாறே. தமிழகத்தின் சிற்றூர் முதல் பெருநகர் வரை கோடிக்கணக்கான மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பின்தொடரும் கதைவடிவம் நெடுந்தொடர். ஆயினும் தமிழ்க் கதையிலக்கியம் பற்றிய நூல்களில் அதற்கு ஒரு பத்தி கூட ஒதுக்கப்படுவதில்லை. ‘அழுகைக் கதை’ என்ற ஒரு சொல்லால் அதனை ஒதுக்கிவிடுவது படித்தோர் மரபாகிவிட்டது. அந்த ஒதுக்கல் முறையானதுதானா என்று ஆராய்வதற்கு, அவ்வடிவத்தின் முதன்மையான முகமாக விளங்கிய ஒருவரின் வாழ்வைத் தொடர்ந்து பார்ப்பது பயன் தரும். நடிகையாகவும் தயாரிப்பாளராகவும் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் சின்னத்திரையின் இரவு நேரத்தை ஆண்ட ராதிகா சரத்குமாரே அவர்.

கூத்தும் தொடர்கதையும்

நெடுந்தொடர் மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு என்பது பாதி உண்மையே. 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காக ஒலிபரப்பான அன்றாடக் கதைகளுக்குச் சோப்பு வணிக நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. அதனால் ‘சோப் ஓபரா’ என்னும் பெயர் அவற்றுக்கு ஏளனமாக ஒட்டிக்கொண்டது. பெயரும் வணிக முறையும் அங்கிருந்து வந்தவை. ஆனால் ஒரு கதையை நாள்கணக்கில் வளர்த்து, ஒவ்வொரு நாளும் ஓர் இடத்தில் நிறுத்தி, மறுநாளுக்குக் காத்திருக்கச் செய்யும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பல நாள்கள் தொடர்ந்து நடைபெறும். செய்யாற்றை அடுத்த புரிசை போன்ற ஊர்கள் அக்கூத்தால் புகழ் பெற்றவை. துகில் உரியப்பட்ட பெண்ணொருத்தி தன் விரித்த கூந்தலை முடிக்காமல் காத்திருப்பதே அக்கதையின் உயிர்நாடி. அவளுடைய சபதம் நிறைவேறும் நாள்வரை ஊரே அவளோடு காத்திருக்கிறது. துன்புறும் பெண்ணை நடுவில் நிறுத்தி, அவளுக்கு நீதி கிடைக்கும் நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே செல்லும் கதையமைப்பு தொலைக்காட்சி கண்டுபிடித்ததன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. கூத்துக் களரியில் திரௌபதியின் வேடம் தாங்கியவர் ஆடவர். பெண்ணின் துயரம் ஆணின் தொண்டையிலிருந்தே எழுந்தது.

அச்சு வந்தபின் அந்தக் காத்திருப்பு வார இதழுக்கும் மாத இதழுக்கும் மாறியது. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த காலத்தில் இதழ் வரும் நாளை எதிர்பார்த்து வாசகர்கள் காத்திருந்த செய்தியை மூத்தோர் பலர் சொல்வதுண்டு. அந்தக் காத்திருப்பை இலக்கிய உலகம் பெருமையோடு நினைவுகூர்கிறது. ஒன்பதரை மணிக்காகக் காத்திருந்த பெண்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதன் குரலில் ஏளனம் கலந்துவிடுகிறது.

தந்தையின் மேடை

ராதிகா 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் பிறந்தார். தந்தை ‘நடிகவேள்’ எம். ஆர். ராதா; தாய் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். எம். ஆர். ராதா சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் காலம் தொட்டுத் தமிழகத்தில் செழித்த பாய்ஸ் கம்பெனி மரபு அவரை உருவாக்கியது. பிறர் கம்பெனியில் ஊதியம் பெற்ற நடிகராக அவர் நின்றுவிடவில்லை. தமக்கென ஒரு நாடகக் குழுவை அமைத்துக்கொண்டு, தாம் நம்பிய கருத்துகளைத் தாம் விரும்பிய முறையில் மேடையேற்றினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ நாடகம் அவருடைய நடிப்பால் ஊரூராகப் பரவியது. 1954இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதன் பின்னரும் மேடையை அவர் கைவிடவில்லை. திரையில் அவர் பிறருடைய நடிகர். மேடையில் அவரே உடையவர்.

1967 ஜனவரி 12ஆம் நாள் எம். ஜி. ஆர். சுடப்பட்டபோது ராதிகாவுக்கு வயது நான்கு. அந்நிகழ்ச்சியில் எம். ஆர். ராதா தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1971இல் தந்தை விடுதலையானார். ராதிகாவின் கல்வி இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என மூன்று நாடுகளில் நிகழ்ந்தது. அவர் திரைக்கு வந்ததோ ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வேடத்தில். பாரதிராஜா இயக்கிய ‘கிழக்கே போகும் ரயில்’ 1978இல் வெளிவந்தது. அதில் பாஞ்சாலி என்னும் கிராமத்துப் பெண்ணாக அவர் அறிமுகமானார். கூத்துக் களரியின் நாயகியும் பாஞ்சாலியே என்பது ஒரு தற்செயல் ஒற்றுமை. எனினும் நினைத்துப் பார்க்கத் தக்கது. மகளின் முதல் படம் வெளிவந்த மறு ஆண்டு, 1979 செப்டம்பர் 17ஆம் நாள், எம். ஆர். ராதா மறைந்தார்.

இருபதாண்டுத் திரை வாழ்வு

அடுத்த இருபதாண்டுகள் ராதிகா தமிழிலும் தெலுங்கிலும் ஓய்வின்றி நடித்தார். பாக்கியராஜின் ‘இன்று போய் நாளை வா’ 1981இல் அவருடைய நகைச்சுவைத் திறத்தைக் காட்டியது. கே. விஸ்வநாத் இயக்கத்தில் 1986இல் வெளிவந்த ‘சுவாதி முத்யம்’ என்னும் தெலுங்குப் படத்தில் கமல்ஹாசனோடு இளம் கைம்பெண்ணாக நடித்தார். தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என வந்த அப்படம் ஆஸ்கார் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 1990இல் வசந்த் இயக்கிய ‘கேளடி கண்மணி’யில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தோடு முதிர்ந்த காதலின் தயக்கத்தை அவர் வெளிப்படுத்திய விதம் இன்றும் பேசப்படுகிறது.

இவற்றினிடையே, பின்னர் நிகழப் போவதற்கு முன்னறிவிப்பாக ஒரு செயல் நடந்தது. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ படத்தை ராதிகா தயாரித்தார். இயக்குநர் ஒருவரின் சிறந்த முதற்படத்துக்கான 1985ஆம் ஆண்டின் இந்திரா காந்தி விருது அப்படத்துக்குக் கிடைத்தது. புகழின் உச்சியிலிருந்த இருபத்து மூன்று வயது நடிகை, வணிக வெற்றிக்கு உறுதியில்லாத ஒரு கதையில் முதலீடு செய்தார் என்பதே இதில் குறிப்பிடத்தக்கது.

1993இல் பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ வந்தது. விருமாயி என்னும் வேடம் அவருடைய திரை வாழ்வின் சிகரங்களுள் ஒன்று எனலாம். அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே சிக்கி அழியும் தங்கையாகவும், மணப்பருவம் எய்திய மகளின் தாயாகவும் அவர் அதில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. திரையுலகம் நடிகையின் வயதைக் கணக்கிடும் முறை அதுதான். நாயகர்கள் ஐம்பதைக் கடந்தும் கல்லூரி மாணவராக வர இயலும். நடிகையருக்கோ முப்பது வயதில் தாய் வேடம் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். அதன்பின் எஞ்சுவன அழும் தாய், அடங்காத மாமியார், ஒரு காட்சியில் வந்து போகும் அக்காள் ஆகிய வேடங்களே. அவருக்கு முந்திய தலைமுறையின் பெருநடிகையர் பலர் இவ்வழியே சென்று மறைந்தனர். ராதிகா வேறு வழியைத் தேடினார்.

வீட்டுக்குள் வந்த அரங்கு

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1984இல் தில்லித் தூர்தர்சன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ இந்தியாவின் முதல் நெடுந்தொடராயிற்று. குடும்பக் கட்டுப்பாடு முதலிய சமூகக் கருத்துகளைக் கதைவழி பரப்பும் நோக்கம் அதன் பிறப்பில் இருந்தது. தமிழில் தூர்தர்சன் காலத் தொடர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை வந்து, பதின்மூன்று வாரங்களில் முடிந்துவிடும் அளவான கதைகளாகவே இருந்தன. கே. பாலசந்தர் போன்ற இயக்குநர்கள் அவ்வடிவத்தில் சிறந்த கதைகளைத் தந்தனர்.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் கேபிள் கம்பிகள் தெருத்தெருவாக இழுக்கப்பட்டன. தறி வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்த இடத்திற்குச் சிறிது சிறிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. பெட்டி இல்லாதவர்கள் அண்டை வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்து பார்த்தனர். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கியபின் அத்திண்ணைக் கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு வீடும் தனித்தனி அரங்காயிற்று.

இங்கே வணிக முறை ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஏனெனில் ராதிகாவின் பின்வாழ்வு முழுவதும் அதன்மீதே எழுந்தது. சன் தொலைக்காட்சியின் தொடக்க காலத் தொடர்களில் பல, ‘ஸ்லாட்’ முறையில் இயங்கின. தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட அரை மணி நேரத்துக்குத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் கட்டணம் செலுத்துவார். அந்த நேரத்தில் வரும் விளம்பர நொடிகளில் தமக்குரிய பங்கை அவரே விற்று, செலவுபோக எஞ்சியதை இலாபமாகப் பெறுவார். கதை மக்களைக் கவர்ந்தால் விளம்பர நொடியின் விலை உயரும். கவராவிட்டால் நட்டம் முழுவதும் தயாரிப்பாளருடையது. தொடர்கள் முடிவின்றி நீள்வதற்கும் இதுவே முதற்காரணம். நன்கு ஓடும் ஒரு கதையை நிறுத்துவது, விளையும் நிலத்தைத் தரிசு போடுவதற்கு ஒப்பாகும்.

இத்துறையில் ராதிகா 1994இல் தம் ‘ராடான்’ நிறுவனத்தோடு இறங்கினார். பின்னாளில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. தந்தை தம் நாடகக் குழுவுக்கு உடையவராக இருந்ததைப் போல, மகள் தம் சின்னத்திரைக்கு உடையவரானார்.

‘சித்தி’ என்னும் சொல்

1999 டிசம்பர் 20ஆம் நாள் ‘சித்தி’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. சி. ஜே. பாஸ்கர் இயக்கினார். சிவகுமார் கணவராகவும், ராதிகா சாரதாவாகவும் நடித்தனர். தலைப்புப் பாடலை நித்யஸ்ரீ மகாதேவன் பாடினார். திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு ஒன்பதரை மணி. 2001 நவம்பர் வரை 460க்கும் மேற்பட்ட பகுதிகள். விளம்பரம் நீங்கலாக ஒரு பகுதிக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகக் கதை எனக் கொண்டாலும், அறுபதுக்கும் மேற்பட்ட முழுநீளத் திரைப்படங்களின் அளவுக்கு ஒரே பாத்திரத்தை ஒரே நடிகை சுமந்தார். தெலுங்கில் ‘பின்னி’ என்னும் பெயரில் அது ஒளிபரப்பாகி ஆந்திரத்திலும் பெரும் வரவேற்புப் பெற்றது.

அதன் வெற்றிக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் விளம்பரத்தையும் நேரத்தையும் சொல்வர். தலைப்பை ஆராய்ந்தால் வேறொன்று புலப்படும். தமிழில் ‘சித்தி’ இருபொருள் தாங்கிய சொல். தாயின் தங்கையும் சித்தி. தந்தையின் இரண்டாம் மனைவியும் சித்தி. முதற்பொருளில் அன்பும் இரண்டாம் பொருளில் அச்சமும் உறைகின்றன. கைகேயி முதல் நாட்டார் கதைகளின் மாற்றாந்தாய் வரை, தாயின் இடத்தில் வந்து அமர்ந்த பெண்ணை நம் கதைமரபு நம்பியதில்லை. அப்பெண்ணையே நாயகியாக்கி, அவள் கண்வழியே வீட்டைப் பார்க்கச் செய்ததுதான் தொடரின் வலிமை. இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் எந்த ஊரிலும் இல்லாமல் இல்லை. தம்மைக் கொடியவராக அன்றி வேறு விதமாகக் காட்டிய கதையை அவர்களில் பலர் அதுவரை கண்டிருக்க மாட்டார்கள்.

இத்தலைப்புக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. இலக்கிய அன்பர்களுக்கு அது சுவை தரும். 1966இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் ‘சித்தி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. தன் குடும்பத்தின் நலம் கருதி, வயது முதிர்ந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகும் பெண்ணாகப் பத்மினி நடித்தார். அந்த முதியவராக நடித்தவர் எம். ஆர். ராதா. அப்படத்தின் கதைக்கு மூலம் வை. மு. கோதைநாயகி அம்மாளின் ‘தயாநிதி’ என்னும் புதினம். சின்னத்திரையின் ‘சித்தி’க்கும் அதற்கும் கதையளவில் தொடர்பில்லை. எனினும் ஒரு பெண் எழுத்தாளரின் கற்பனையில் தோன்றி, தந்தை நடித்த படத்துக்குத் தலைப்பான சொல், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து மகளின் அடையாளமாயிற்று.

கோதைநாயகி அம்மாளை இங்கு நினைப்பது பொருந்தும். எழுத்துப் பயிற்சி போதாத இளமையில், தோழியிடம் வாய்மொழியாகச் சொல்லித் தம் முதற்படைப்பை எழுதுவித்தவர் அவர். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, தம் புதினங்களைத் தாமே தொடராக வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்கள் எழுதினார். ‘பெண்கள் படிக்கும் கதைகள்’ எனத் திறனாய்வாளர்கள் அவற்றைத் தள்ளினர். அச்சகமும் இதழும் அவர் கையில் இருந்ததால் அத்தள்ளுதல் அவரை அழிக்கவில்லை. நெடுந்தொடர் இன்று எதிர்கொள்ளும் ஏளனம் அந்நாளில் அவர் எதிர்கொண்ட ஏளனமே.

தொடர்ந்த ஆண்டுகள்

‘சித்தி’யை அடுத்து ‘அண்ணாமலை’ (2002–2005), ‘செல்வி’ (2005–2006), ‘அரசி’ (2007–2009), ‘செல்லமே’ (2009–2013), ‘வாணி ராணி’ (2013–2018) எனத் தொடர்கள் வரிசையாக வந்தன. ‘வாணி ராணி’யில் வழக்கறிஞர் வாணி, இல்லத்தரசி ராணி என இரட்டைச் சகோதரியர் இருவராகவும் அவரே நடித்தார். வெளியே சென்று வாதாடும் பெண், வீட்டுக்குள் நின்று தாங்கும் பெண் என்னும் இரு நிலைகளையும் ஒரே முகத்தில் வைத்தது அத்தொடர். தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் ஒரே நாளில் இவ்விருவராகவும் வாழ்கின்றனர் என்பதை எண்ணினால், இரட்டை வேடம் என்னும் பழைய உத்தி இங்கே பொருள் பெறுவதை உணரலாம்.

அவர் திறந்த வழியில் பிறரும் வந்தனர். திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ (2002–2005) ஒரு தந்தையையும் அவருடைய ஐந்து பெண்மக்களையும் கொண்டு நடுத்தரக் குடும்பத்தின் திருமணக் கவலையை எழுதியது. திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ (2003–2009) தொடரில் தேவயானி, கட்டுமானத் தொழிலில் தன் காலில் நிற்கும் அபி என்னும் பெண்ணாக நடித்தார். திரையில் நாயகியாக இருந்து, வயதைக் காரணம் காட்டி ஒதுக்கப்படும் நிலையிலிருந்த நடிகையருக்குச் சின்னத்திரை இரண்டாம் வாழ்வு தந்தது. அவர்கள் அங்கே நாயகனின் நிழலாக நிற்கவில்லை. கதையே அவர்களுடையதாக இருந்தது.

குறைகளை மறைத்தல் வரலாறாகாது. ஐந்து நாளும் கதை வேண்டும் என்னும் நெருக்கடி, ஒரு நிமிடத்தில் தீர வேண்டிய ஐயத்தை ஒரு மாதம் இழுக்கச் செய்தது. பெண்ணுக்குப் பெண்ணே பகை என்னும் பழங்கருத்தைத் தொடர்கள் மீண்டும் மீண்டும் உழுதன. நாயகியின் பொறுமைக்கு எல்லையில்லை என்று காட்டுவது, பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்கு அழகு எனக் கற்பிப்பதாகவும் முடிந்தது. தறிக்கூலி பற்றியோ நூல் விலை பற்றியோ இத்தொடர்கள் பேசியது அரிது. பட்டுப்புடைவை ஒவ்வொரு காட்சியிலும் வந்தது. அதை நெய்தவர் எந்தக் காட்சியிலும் வரவில்லை. தன்னைப் பார்க்கும் மக்களின் உழைப்பைக் கதைக்குள் கொண்டுவரத் தவறியது நெடுந்தொடரின் பெருங்குறை. ராதிகாவின் தொடர்களும் இதற்கு விலக்கல்ல.

கூலியும் உடைமையும்

பட்டு நெசவில் இருவகை நெசவாளர் உண்டு. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியிடம் பெற்று, நெய்து கொடுத்துக் கூலி பெறுவோர் ஒருவகை. சொந்த முதலில் பட்டு வாங்கி, தம் தறியில் நெய்து, தாமே விற்போர் மற்றொரு வகை. கைத்திறனில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. முந்தியில் மயிலை ஏற்றும் விரல் ஒன்றே. ஆனால் சேலை விற்கும் விலையில் யாருக்கு எவ்வளவு என்பதையும், அடுத்த சேலையின் நிறமும் கரையும் என்ன என்பதையும், உடைமையே முடிவு செய்கிறது. கூலி நெசவாளரின் கண் மங்கினால் பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

நடிகையரின் வரலாறும் இவ்வாறு இருவகைப்பட்டதே. பெரும்பாலோர் கூலி நெசவாளர்; அழைத்த நாளுக்கு ஊதியம், அழைக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. சிலர் தறியைத் தமதாக்கிக்கொள்ள முயன்றனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தில் பெண்களையே நடிகராகக் கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கித் தமிழின் முதற்பெண் இயக்குநரானார். பி. பானுமதி பரணி நிறுவனத்தின் வழியே படங்களைத் தயாரித்தும் இயக்கியும் நிமிர்ந்து நின்றார். ராதிகா இம்மரபில் வருபவர். தம் முப்பத்தேழாம் வயதில், பெருந்திரை அவரைத் தாய் வேடத்துக்குள் அடைக்க முனைந்த காலத்தில், தமக்கான வேடத்தைத் தாமே நெய்துகொண்டார்.

இந்த உடைமை நிலையானதும் அன்று. பின்வந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி நிறுவனங்கள் பல பெருகின. நிறுவனமே செலவைத் தந்து தொடரைச் செய்து வாங்கிக்கொள்ளும் முறை பரவியது. அம்முறையில் தயாரிப்பாளருக்கு நட்ட அச்சம் குறைவு. கதையின் மீதான உரிமையும் குறைவு. பாவையும் ஊடையையும் தந்து சேலையை வாங்கிச் செல்லும் முதலாளியின் முறையே அது. நாயகியர் வயதும் சரியத் தொடங்கியது. இன்றைய தொடர்களின் நடுவே நிற்பவர் பெரும்பாலும் இருபதுகளில் உள்ள புதுமுகங்கள். ஒரு தொடர் முடிந்ததும் அடுத்த முகம் வருகிறது. முந்திய முகத்தை மறப்பதற்கு நெடுங்காலம் ஆவதில்லை.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் பெண்கள் மட்டுமே பங்குகொண்ட ‘கோடீஸ்வரி’ வினாவிடை நிகழ்ச்சியை ராதிகா நடத்தினார். அதில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றது நாடெங்கும் பேசப்பட்டது. 2020 ஜனவரியில் ‘சித்தி 2’ தொடங்கியது. மறு ஆண்டே ராதிகா அத்தொடரிலிருந்து விலகி அரசியற் பணியில் இறங்கினார். அவரின்றித் தொடர் 2022 வரை ஓடியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்று தோல்வியுற்றார். வீட்டுக்குள் நாள்தோறும் வரவேற்கப்பட்ட முகம் வாக்குச் சாவடியிலும் வரவேற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அத்தேர்தல் காட்டியது. மக்கள் தாம் நேசித்த சாரதாவையும் வாக்குக் கேட்ட வேட்பாளரையும் தனித்தனியே எடைபோட்டனர். நெடுந்தொடர் பார்ப்பவர் கதையையும் வாழ்வையும் பிரித்தறியாத பேதையர் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இலக்கிய வட்டங்கள் தம் ஆண்டு மலர்களில் புலவர்களையும் புரவலர்களையும் போற்றுவது முறையே. அதே ஊரின் தறி வீடுகளில், ஊடைக்குத் தார் சுற்றியபடியே கதை கேட்ட பெண்களும் இலக்கியத்தின் நுகர்வோரே. அவர்களுக்குக் கிடைத்த கதை தரம் குறைந்தது எனில், தரமான கதையை அவர்களிடம் கொண்டு சேர்க்காதவர் யார் என்னும் வினா எழுத்தாளர்களை நோக்கியே திரும்பும். ராதிகாவின் வாழ்வு எழுத்தாளருக்கு உணர்த்துவது எளிய செய்தி: மக்கள் காத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு, அந்த நேரத்துக்குச் செல்லும் துணிவும், தன் தறியைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளும் உறுதியும் வேண்டும். பட்டுப்புடைவை ஒவ்வொரு காட்சியிலும் வரும் கதையில், அதை நெய்தவரும் ஒருநாள் வர வேண்டும். அக்கதையை எழுதும் கடமை, நெய்யும் ஊரில் வாழும் கவிஞர்களுக்கு முதலில் உண்டு.